ஓய்வுக் காலத்தின் சின்ன ரயில்

உழைத்து ஓய்ந்த மனிதர் விளையாடலாமா? குழந்தை விளையாடினால் நாம் மகிழ்கிறோம். இளைஞர் விளையாடினால் பொறுத்துக் கொள்கிறோம். அறுபது வயதைக் கடந்த ஒருவர் விளையாட உட்கார்ந்தால் மட்டும் நம் முகம் மாறிவிடுகிறது. "தஸ்பீஹ் உருட்ட வேண்டிய வயதில் இதென்ன உருட்டல்?" என்று வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மனத்துக்குள் கேட்டுவிடுகிறோம்.

இந்தக் கேள்வி முன்பைவிட இப்போது அதிகமான வீடுகளின் கதவைத் தட்டுகிறது. நம் பாட்டனார் காலத்தில் ஓய்வு என்று ஒரு நாள் குறிக்கப்பட்டதில்லை. தறிக்காரர் கண் மங்கும் வரை நெய்தார். வணிகர் கால் தளரும் வரை கடைக்குப் போனார். இன்றோ ஓய்வுக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. தமிழக அரசு ஊழியருக்கு 58 ஆக இருந்த ஓய்வு வயது 2020இல் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. மத்திய அரசு ஊழியருக்கு 1998 முதல் 60. அந்த நாளுக்குப் பின்னும் பதினைந்து, இருபது ஆண்டுகள் நலமோடு வாழ்பவர்களை நம் தெருக்களிலேயே காண்கிறோம்.

பணி ஓய்வுக்கு நாம் ஆயத்தம் செய்யாமல் இல்லை. பணிக்கொடை எவ்வளவு வரும், வீட்டுக் கடன் எப்போது தீரும், மகளின் நிக்காஹுக்கு எவ்வளவு, ஹஜ் பயணத்துக்கு எவ்வளவு என்று ரூபாய்க்குக் கணக்கு வைத்திருக்கிறோம். நாழிகைக்குத்தான் கணக்கு இல்லை. சுபுஹுத் தொழுகைக்கும் லுஹர்த் தொழுகைக்கும் இடையே கிடக்கும் நெடும்பொழுதை என்ன செய்வது என்று எவரும் முன்கூட்டி எண்ணிப் பார்ப்பதில்லை. அதன் விளைவு, திண்ணையும் செய்தித்தாளும், பிறர் குடும்பத்தைப் பற்றிய பேச்சும், மருமகளின் சமையலில் குறை காண்பதும்தான்.

கைக்கு அகப்படும் ஒரு பொருளை வைத்து இதைப் பேசிப் பார்ப்போம். மேலை நாடுகளில் ஓய்வு பெற்றோர் பலர் விரும்பி மேற்கொள்ளும் பொழுதுபோக்கு ஒன்று உண்டு. பலகை மேடையின் மீது தண்டவாளம் பதித்து, நிலையங்கள் கட்டி, மலையும் வயலும் ஊரும் அமைத்து, மின்சாரத்தால் ஓடும் சின்னஞ்சிறு ரயில்களைக் கால அட்டவணைப்படி இயக்குகிறார்கள். மாதிரி இருப்புப்பாதை என்று இதைச் சொல்லலாம்.

தொடக்கத்தில் இது குழந்தைகளின் பொம்மையாகத்தான் இருந்தது. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் நகரச் சந்தையில், சாவி கொடுத்தால் ஓடும் ரயிலைத் தண்டவாளத் தொகுதியோடு காட்சிக்கு வைத்தது. இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பியின் ரயில்கள் 1920இல் வெளிவந்தன. பின்னர் அளவு வகைகள் நிலைபெற்றன. 'எச்.ஓ.' என்பது அசலில் 87இல் ஒரு பங்கு. 'என்' என்பது 160இல் ஒரு பங்கு. 1972இல் வந்த 'இசட்' 220இல் ஒரு பங்கு. அளவு என்று ஒன்று வந்த பிறகு பெரியவர்களும் இதில் உட்கார்ந்துவிட்டார்கள். பொம்மைக்கு அழகு போதும். மாதிரிக்கு உண்மையும் வேண்டும். உண்மையைத் தேடுவது பெரியவர்களின் வேலையல்லவா?

நம் நாட்டுக்கும் இது புதிதன்று. பூனா நகரின் கோத்ரூடு பகுதியில் பி.எஸ். ஜோஷி என்பவர் தம் ஆர்வத்தால் உருவாக்கிய சிற்றுருவ ரயில்வேக் காட்சியகம் 1998இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஒரு மனிதரின் தனி விளையாட்டு இன்று ஊர்ப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கும் பொதுச் சொத்தாக இருக்கிறது.

சங்கரன்கோவிலில் ஓர் ஆசிரியர் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக் கொள்வோம். வீட்டின் மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. அதில் தம் ஊர் ரயில் பாதையைச் சிறிதாக அமைக்க அவர் விரும்புகிறார். அந்த விருப்பத்துக்குக் காரணம் உண்டு. விருதுநகரிலிருந்து தென்காசிக்குச் செல்லும் மீட்டர் கேஜ் பாதை 1927இல் திறக்கப்பட்டது. சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் கடந்து சங்கரன்கோவிலைத் தொட்டு, பாம்புகோவில்சந்தை, கடையநல்லூர் வழியாகத் தென்காசியை அடைவது அந்தப் பாதை. தென்காசிக்கு அப்பால் செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து கொல்லத்துக்குப் போகும் பாதை அதற்கும் முன்பே, 1904இல் வந்துவிட்டது. விருதுநகர்–தென்காசிப் பாதை 2004 வாக்கில் அகலப் பாதையாயிற்று. மலைப்பகுதியின் மீட்டர் கேஜ் பாதை 2010இல் மூடப்பட்டு, 2018இல் அகலப் பாதையாக மீண்டும் இயங்கத் தொடங்கியது. நம் ஆசிரியர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை அந்தக் குறுகிய பெட்டிகளின் மரப் பலகையில் உட்கார்ந்து கழித்தவர். படிக்கப் போனதும், வேலைக்குப் போனதும், பெண் பார்க்கப் போனதும், வாப்பாவின் ஜனாஸாவுக்கு விரைந்ததும் அந்த ரயிலில்தான். இப்போது அந்த ரயில் இல்லை. தம்மைச் சுமந்த ஒன்றை மறவாதிருக்க விரும்புவதில் குற்றம் என்ன இருக்கிறது?

ஆயினும் எதிர்ப்பு எழும், எழ வேண்டும். முதல் எதிர்ப்பு, இது விளையாட்டு என்பது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இளமையில் வைத்திருந்த பொம்மைகளுக்கிடையே இறக்கை கொண்ட குதிரை ஒன்று இருந்ததையும், அதைப் பற்றிக் கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையைச் செவியுற்றுச் சிரித்ததையும் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். பாடம் முடித்த பிள்ளையை நல்ல விளையாட்டில் விட வேண்டும் என்று இமாம் கஸ்ஸாலி எழுதினார்கள். "இவை சிறுவர்களுக்கல்லவா?" என்று கேட்கலாம். பெரியவர்களின் கைவேலையிலும் விளையாட்டு கலந்தே வந்திருக்கிறது. தியார்பக்ர் நகர அரசவையில் பணியாற்றிய அல்ஜஸரி 1206இல் எழுதி முடித்த பொறியியல் நூலில், நீரால் இயங்கும் யானைக் கடிகாரம் ஒன்று விவரிக்கப்படுகிறது. மணி அறிய அத்தனை வேடிக்கை தேவையில்லை. ஆனால் அந்த வேடிக்கையைச் செய்த கை, நீர் இறைக்கும் பொறிகளையும் செய்தது. விளையாட்டு கடமையைத் தின்னக் கூடாது என்பதுதான் எல்லை. தொழுகைக்கு அழைப்பு வந்ததும் ரயிலை நிறுத்தத் தெரியாதவர் அந்த ரயிலை ஓட்டத் தகுதியற்றவர்.

இரண்டாவது எதிர்ப்பு வீண்விரயம் பற்றியது. இது வலுவானது. வெளிநாட்டு எஞ்சின் ஒன்றின் விலை ஏழை வீட்டின் ஒரு மாதச் செலவாக இருக்கக் கூடும். ஆகவே வாங்கிக் குவிப்பதையும் செய்து பார்ப்பதையும் நாம் பிரித்துக் காண வேண்டும். எஞ்சினும் தண்டவாளமும் விலைக்கு வரட்டும். நிலையக் கட்டடத்துக்கு அட்டை போதும். மரத்துக்குக் காய்ந்த செடியின் கிளை போதும். சிவகாசியைக் காட்டத் தீப்பெட்டியே போதும். ஓர் ஆண்டில் ஒரு கட்டடம் என்று நிதானமாகச் செய்பவருக்குச் செலவு குறைவு, மகிழ்ச்சி அதிகம். கடையில் வாங்கிய ஊர் ஒரு வாரத்தில் சலித்துவிடும்.

இனித் திட்டத்துக்கு வருவோம். முதல் அடியிலேயே ஆசைக்கும் அறைக்கும் சண்டை மூளும். 87இல் ஒரு பங்கு என்றால், ஒரு கிலோமீட்டர் பாதைக்குப் பதினொன்றரை மீட்டர் நீளம் வேண்டும். சங்கரன்கோவிலுக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே உள்ள சுமார் 30 கிலோமீட்டரை அப்படியே அமைப்பதானால் ஏறத்தாழ 345 மீட்டர்! பாதையை விடுங்கள், இன்று ஓடும் 24 பெட்டி ரயில் ஒன்று அசலில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீண்டது, மாதிரியிலும் ஆறு மீட்டர் வரும். அறையின் நீளச் சுவரோ நான்கு மீட்டரை எட்டாது. ஆறு பெட்டி கொண்ட பழைய மீட்டர் கேஜ் ரயிலானால் ஒன்றரை மீட்டர் அளவில் அடங்கிவிடும். வளைவிலும் கண்டிப்பு உண்டு. 'எச்.ஓ.' ரயில் திரும்பி வர நான்கடி அகலம் வேண்டும்; 'என்' ரயிலுக்கு இரண்டடி அகலம் போதும்; ஆனால் அதன் சிறுமை முதிய கண்களைச் சோதிக்கும்.

தண்டவாளத்தின் அகலத்திலும் விட்டுக்கொடுக்க நேரும். மீட்டர் கேஜ் 1,000 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை. கிடைக்கும் தண்டவாளம் 12 மில்லிமீட்டர். நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். வகுத்தால் 19க்குச் சற்று மேல். கடையில் கிடைப்பதோ 16.5. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் மாதிரி அசலாகாது. ஆண்டுக்கணக்கில் மாணவர் விடைத்தாளில் சிறு பிழையையும் சுழித்த ஆசிரியருக்கு இது நல்ல பாடம்.

அமெரிக்கரான ஜான் ஆம்ஸ்ட்ராங், மாதிரி ரயில் திட்டமிடும் கலையில் பெரிய ஆசானாக மதிக்கப்படுபவர். தாளில் கோடு இழுப்பதற்கு முன் இரண்டு பட்டியல்களை எழுதச் சொன்னவர் அவர். ஒன்று, மாற்ற முடியாதபடி தரப்பட்டவை: அறையின் அளவு, கதவும் சன்னலும் இருக்கும் இடம், கையிருப்புப் பணம். மற்றொன்று, நாம் விரும்புபவை. முதல் பட்டியலை ஏற்றுக் கொண்ட பிறகுதான் இரண்டாவதில் எதை வைப்பது, எதை விடுவது என்று பேச முடியும். ஓய்வு பெறும் ஒவ்வொருவரும் தம் வாழ்வுக்கே இந்த இரண்டு பட்டியல்களையும் எழுதிப் பார்க்கலாம். தரப்பட்டதை மறுத்துக் கொண்டே இருப்பவருக்கு விரும்பியதும் கைகூடுவதில்லை.

உடலும் தரப்பட்டவற்றுள் ஒன்று. மேடையின் விளிம்பிலிருந்து இரண்டரை அடிக்கு மேல் கை எட்டாது. அதற்கு அப்பால் தடம் புரளும் ரயிலை யார் எடுப்பது? மேடைக்கு அடியில் குனிந்து நுழைந்து நடுவில் போய் நிற்கும் அமைப்பு இளைஞருக்குச் சரி. முழங்கால் வலி வந்தவருக்கு ஆகாது. நாற்காலியில் அமர்ந்தபடியே இயக்கும் உயரத்தில் ஒரு பகுதியாவது இருக்க வேண்டும். எழுபது வயதில் தாம் எப்படி இருப்போம் என்று அறுபது வயதில் எண்ணிப் பார்ப்பதற்குத் துணிவு வேண்டும். நம் ஊர் வெயிலும் கறையானும் வேறு இருக்கின்றன. மாடியறையின் சூட்டில் தண்டவாளம் நீளும். இணைப்புகளில் சிறு இடைவெளி விடாவிட்டால் அது நெளிந்துவிடும்.

எதை விடுவது என்ற கேள்வியில்தான் ஒழுக்கம் நுழைகிறது. பத்தடி அறையில் ஊர் முழுவதையும் வைக்க முடியாது. அப்படியானால் யார் வீட்டை வைப்பது? தம் தெருவையும் பள்ளிவாசலின் மினாராவையும் மட்டும் வைத்துவிட்டு, சங்கரநாராயணர் கோவிலின் கோபுரத்தை விட்டுவிட்டால் அது சங்கரன்கோவில் ஆகுமா? ஆடித்தபசுக்கு வந்திறங்கும் கூட்டத்தைக் கண்டிராத ரயில் நிலையமா அது? அவ்வாறே, கோபுரத்தை மட்டும் வைத்து மினாராவை விட்டாலும் பொய்தான். தறிச் சத்தம் கேட்கும் தெரு, கேட் கீப்பரின் சிறு அறை, மூட்டை சுமப்பவர் நிழலுக்கு ஒதுங்கும் மரம் இவையும் இடம் கேட்கும். நாம் ஆளும் சின்ன உலகத்தில் அடுத்த வீட்டுக்காரருக்கு இடம் உண்டா என்பது, நம் மனத்தில் அவருக்கு இடம் உண்டா என்பதற்கு அத்தாட்சி.

ஆளும் உலகம் என்றோம். இந்த விளையாட்டின் மெய்யான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பணியில் இருந்தவரை ஒருவர் சொன்னால் நான்கு பேர் கேட்டார்கள். ஓய்வு பெற்ற மறுநாள் வீட்டில் எவரும் கேட்பதில்லை. மகனுக்கு அவனுடைய அலுவல். மருமகளுக்கு அவளுடைய ஒழுங்கு. மனைவிக்கோ முப்பது ஆண்டுகளாக அவர் இல்லாமலே நடந்து பழகிய பகல். இந்த வெறுமையில் ஒரு விசையைத் திருப்பினால் ஓடி, திருப்பினால் நிற்கும் ரயில் கிடைத்தால் எவ்வளவு இனிமை! அறைக் கதவைச் சாத்திக் கொண்டு, மறுத்துப் பேசாத ஓர் ஊருக்கு அரசராக இருந்துவிடலாம். சூதோ வம்போ இல்லாத பொழுதுபோக்குத்தான். ஆனால் உறவைவிட்டு ஒதுங்கும் வழியும் அதுவே. நஃப்ஸுக்கு இதமான சிம்மாசனம் தேக்கில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஒட்டுப்பலகையிலும் செய்யலாம்.

இதற்கு மாற்று எங்கே? அசல் ரயில்வேயிலேயே இருக்கிறது. ஒற்றைப் பாதையில் எந்த நிலைய அதிபரும் தம் விருப்பப்படி ரயிலை அனுப்ப முடியாது. அடுத்த நிலையத்தைக் கேட்க வேண்டும். அங்கிருப்பவர் பாதை வெறுமையாக இருக்கிறது என்று இசைய வேண்டும். அந்த இசைவுக்கு லைன் கிளியர் என்று பெயர். இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைந்த டோக்கன் கருவிகள் இருந்தன. ஒரு நேரத்தில் ஒரு டோக்கன்தான் வெளியே வரும். அதுவும் மறுமுனையில் இருப்பவர் ஒத்துழைத்தால்தான் வரும். வளையத்தில் கோத்து நீட்டப்படும் அந்த டோக்கனைக் கையில் வாங்காமல் ஓட்டுநர் புறப்பட மாட்டார். எதிரே ரயில் வந்தால் ஒன்று கிளைத் தடத்தில் ஒதுங்கி நின்று மற்றொன்றுக்கு வழி விடும். நம் மக்கள் 'கிராஸிங்' என்று சலித்துக் கொண்ட அந்தக் காத்திருப்பில்தான் இரு ரயில்களின் பயணிகளுடைய உயிரும் அடங்கியிருந்தது. இன்று பெரும்பாலான பாதைகளில் அந்த வளையம் இல்லை. கேட்பதும் இசைவதும் என்ற நியதி மட்டும் இருக்கிறது.

ஆகவே நம் ஆசிரியருக்குச் சொல்ல நமக்கு ஒன்றே உண்டு. திட்டத்தில் வட்டமாகச் சுற்றிக் கொண்டிருக்கும் பாதையை மட்டும் வரையாதீர்கள். இரண்டு நிலையங்களை வரையுங்கள். ஒன்றில் நீங்கள் இருங்கள். மற்றொன்றில் வேறொருவர் இருக்கட்டும். சங்கரன்கோவில் உங்கள் கையில் என்றால், கடையநல்லூர் பேத்தியின் கையில் இருக்கட்டும். அல்லது சதுரங்கம் ஆடக் கூட ஆளின்றித் தனித்திருக்கும் பழைய சகாவின் கையில் இருக்கட்டும். அவர்கள் இசையாமல் உங்கள் ரயில் நகரக் கூடாது. பத்து வயதுப் பேத்தி "பாதை இல்லை, பொறுங்கள்" என்று சொல்ல, நாற்பது ஆண்டு அதிகாரம் செய்தவர் கைகாட்டியைப் பார்த்துக் கொண்டு காத்திருக்கட்டும். முதுமை கற்றுக் கொள்ள வேண்டிய பாடம் அதுவே: ஆணையிட்ட நாவு கேட்கப் பழகுவது. அந்தப் பாடம் கோபத்தின் வழியாக அல்லாமல் விளையாட்டின் வழியாக வருமானால் வீடே நன்றி சொல்லும்.

அந்தச் சின்ன உலகம் என்ன ஆகும் என்ற கேள்வி கடைசியாக நிற்கிறது. கலிபோர்னியாவின் மாண்டரே நகரில் ஜான் ஆலன் என்பவர் இருபது ஆண்டுகள் உழைத்து ஒரு மாதிரி இருப்புப்பாதை அமைத்தார். அதன் படங்கள் உலகெங்கும் இக்கலைஞர்களுக்கு வழிகாட்டின. 1973 ஜனவரியில் அவர் காலமானார். சில நாட்களுக்குள் தீவிபத்து ஒன்று அந்தப் படைப்பின் பெரும்பகுதியை அழித்துவிட்டது. இருபது ஆண்டு உழைப்பு வீணாயிற்று என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் ஜான் ஆலன் அதைத் தனியாக ஓட்டியவர் அல்லர். நண்பர்களை அழைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு பணி தந்து, கால அட்டவணை வைத்து, எல்லோருமாகச் சேர்ந்து ஓட்டினார். அவர்களுக்குள் வளர்ந்த நட்பையும், அவரிடம் அவர்கள் கற்ற கலையையும் தீ தொடவில்லை.

பூனாவில் ஒரு படைப்பு பொதுச் சொத்தாகி நின்றது. மாண்டரேயில் ஒரு படைப்பு சாம்பலாயிற்று. எது நிற்கும், எது அழியும் என்பது இறைவன் கையில். நம் கையில் இருப்பது, அது இருக்கும் நாளில் எத்தனை பேர் அதைச் சுற்றி நின்றார்கள் என்பதுதான். ஆகவே மேடையைக் கழற்றி எடுக்கத்தக்க துண்டுகளாகவே செய்வது நல்லது. மகன் வீடு மாறலாம். அறை பேரனின் படிப்புக்குத் தேவைப்படலாம். அன்று முகம் சுளிக்காமல் கழற்றித் தருவதற்கும், வேண்டுமானால் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கொடுத்துவிடுவதற்கும் இப்போதே மனத்தை ஆயத்தம் செய்ய வேண்டும். எதையும் நிரந்தரம் என்று எண்ணாதவரே எதையும் நிம்மதியாகச் செய்ய முடியும்.

உழைத்து ஓய்ந்தவர் விளையாடலாம் என்றே நாம் சொல்வோம். கடமை தவறாமல், பிறர் பங்கைச் செலவழிக்காமல், வீட்டாரை விலக்காமல் விளையாடலாம். அது ரயிலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தோட்டமாகவோ மரவேலையாகவோ இருக்கலாம். ஆனால் பலகையை அறுப்பதற்கு முன் தாளில் வரைந்த படத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். அதில் இரண்டாவது நிலையம் இருக்கிறதா? அங்கே உட்கார ஒருவருக்கு நாற்காலி போட இடம் விட்டிருக்கிறீர்களா?